தாளும் சுவரும்: அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் படக்கதையும் தமிழ்ப் பக்கமும்

பெங்களூரு மகாத்மா காந்தி சாலைக்கு அண்மையில், டிரினிட்டி வட்டத்தை அடுத்த மிட்ஃபோர்டு இல்லத்தில், இந்தியக் கார்ட்டூன் ஓவியர் நிறுவனத்தின் காட்சிக்கூடம் அமைந்துள்ளது. 2001இல் தோன்றிய இந்நிறுவனம் 2007இல் இக்கூடத்தைத் திறந்தது. இதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் ஓவியர் வி.ஜி. நரேந்திரா. இக்கட்டுரையாளர் வாழும் ஹெப்பகோடி, ஆனேக்கல் வட்டத்தில் ஒசூர் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஊர். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கிய பின்னர் இவ்வூரிலிருந்து அக்கூடத்திற்குச் செல்வது எளிதாயிற்று. செல்லும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுவதுண்டு. அங்குச் சுவரில் இடம்பெறுவன பெரும்பாலும் ஒற்றைக் கட்டத்தில் முடியும் அரசியல், சமூகக் கருத்துப்படங்கள். அவற்றிற்குச் சுவர் பொருந்துகிறது. நின்று பார்த்து, நகைத்து, அடுத்ததற்கு நகரலாம். ஆனால் நம் வீட்டுப் பரணில் கம்பி துருவேறிக் கிடக்கும் சிவகாசிப் படக்கதை நூல்களை எந்தச் சுவரில் மாட்டுவது? எப்பக்கத்தைத் திறந்து மாட்டுவது? யார் பெயரை அதன் கீழே எழுதுவது?

இவ்வினாக்களை எழுப்புவதற்கு உரிய காலம் இதுவே எனத் தோன்றுகிறது. படக்கதையை அருங்காட்சியகப் பொருளாக்கும் முயற்சியில் அமெரிக்கா அரை நூற்றாண்டுப் பட்டறிவு உடையது. அதன் வெற்றிகளையும் பிழைகளையும் ஒருங்கே நோக்கிய பின்னரே நாம் நம் பக்கங்களைப் பாதுகாக்கும் முறையைத் தீர்மானிக்க வேண்டும். பார்க்காமலே பின்பற்றினால் தமிழ்ப் படக்கதையில் தமிழாய் உள்ள பகுதியே விடுபட்டுப் போகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

படக்கதை அருங்காட்சியகத்திற்குள் முதலில் நுழைந்தது தன் சொந்தக் காலால் அன்று; பிறர் தோளில் ஏறியே நுழைந்தது. ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் தீட்டிய ‘வாம்!’ என்னும் பேரோவியம் இன்று இலண்டன் டேட் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற உடைமை. அதன் மூலம், 1962இல் வெளிவந்த போர்க்கதை நூல் ஒன்றில் இர்வ் நோவிக் வரைந்த ஒரு கட்டம். சில காசு விலையுள்ள நூலில் இருந்தவரை அது குப்பை. கித்தானில் பெரிதாக்கப்பட்டதும் அது கலை. 1967இல் பாரிசில், லூவர் அரண்மனைப் பகுதியில் இயங்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த படக்கதைக் கண்காட்சியும் கட்டங்களை ஒளிப்பட வழியில் பெரிதாக்கியே காட்டியது. பெரிதாக்கினால்தான் மதிப்பு என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

1990இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், கர்க் வார்னடோ, ஆடம் கோப்னிக் ஆகிய இருவர் பொறுப்பில், உயர்கலையும் வெகுசனப் பண்பாடும் பற்றிய பெரிய கண்காட்சியை நடத்தியது. படக்கதை அதில் இருந்தது. ஆயினும் ஓவியர்களுக்கு மூலப்பொருள் வழங்கிய சுரங்கமாகவே பெரிதும் இருந்தது. ஆர்ட் ஸ்பீகல்மன் இதனைக் கண்டித்தார். கட்டுரை எழுதிக் கண்டிக்கவில்லை. கலை இதழ் ஒன்றில் ஒரு பக்கப் படக்கதையாகவே தம் விமரிசனத்தை வரைந்து வெளியிட்டார். ஒரு கலைவடிவம் தன்னைக் குறைத்து மதித்தவர்க்குத் தன் மொழியிலேயே விடை கூறிய அரிய நிகழ்ச்சி அது. அடுத்த ஆண்டின் இறுதியில் அதே அருங்காட்சியகம் அவருடைய ‘மவுஸ்’ உருவான விதத்தை விளக்கும் சிறு கண்காட்சியை நடத்தியது.

இக்குறையை நீக்க எழுந்ததே 2005 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹாமர் அருங்காட்சியகமும் சமகாலக் கலை அருங்காட்சியகமும் இணைந்து தொடங்கிய ‘அமெரிக்கப் படக்கதை மேதைகள்’ கண்காட்சி. ஜான் கார்லின், பிரையன் வாக்கர் ஆகியோர் தொகுத்த இதில் பதினைந்து ஓவியர்கள் இடம்பெற்றனர். வின்சர் மக்கே, ஜார்ஜ் ஹெரிமன், ஃபிராங்க் கிங், மில்டன் கனிஃப், சார்லஸ் ஷூல்ஸ், வில் ஐஸ்னர், ஜாக் கர்பி, ராபர்ட் கிரம், ஸ்பீகல்மன், கிறிஸ் வேர் முதலியோர் அவருள் அடங்குவர். முந்தைய கண்காட்சிகளோடு ஒப்பிடுகையில் இதன் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. படக்கதை பிறிதொன்றின் மூலமாகவன்றித் தானாகவே இங்கு நின்றது.

ஆயினும் அப்பட்டியலை ஒரு தமிழ் வாசகர் நோக்கினால் வியப்பே மிஞ்சும். அமெரிக்கப் படக்கதை எனத் தமிழுலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அதில் இல்லை. வேதாளர் இல்லை, மந்திரவாதி மாண்ட்ரேக் இல்லை, ரிப் கெர்பியும் காரிகனும் இல்லை. இவ்விடுபாடு வெறும் சுவை வேறுபாட்டால் நேர்ந்ததன்று; தேர்வு முறையால் நேர்ந்தது. கோட்டை வரைந்தவரே ஆசிரியர் என்பது அம்முறையின் அடிப்படை. மாண்ட்ரேக்கை 1934இலும் வேதாளரை 1936இலும் தொடங்கியவர் லீ ஃபாக். 1999இல் மறையும்வரை அவ்விரு தொடர்களையும் எழுதியவர் அவர். வரைந்தவர்களோ பலர், மாண்ட்ரேக்கை ஃபில் டேவிசும் வேதாளரை ரே மூரும் முதலில் வரைந்தனர், பின்னர்ப் பிறர் தொடர்ந்தனர். எழுத்தாளர் ஒருவரே நிலைத்து நிற்க ஓவியர் மாறிக்கொண்டே வரும் இத்தகைய படைப்பை, ஓவியரை அலகாகக் கொண்ட கண்காட்சி எவ்விதம் ஏற்கும்? கர்பி உள்ளே, அவரோடு இணைந்து எழுதிய ஸ்டான் லீ வெளியே என்பதும் இதே முறையின் விளைவுதான். தமிழில் காரிகன் என வழங்கும் உளவாளியின் தொடர் 1934இல் தொடங்கியபோது அதனை எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் டஷியல் ஹாமெட், வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். சுவரில் மாட்டினால் ரேமண்டின் தூரிகை வியக்கப்படும். ஹாமெட் பெயர் விளக்க அட்டையில் ஓரிடம் பெறும், அவ்வளவே.

பதினைந்து பேருள் ஒருவரும் பெண் அல்லர் என்பதும் அன்றே கண்டிக்கப்பட்டது. இங்குப் பெங்களூருவையே சான்றாகக் கொள்ளலாம். மாயா காமத் (1951-2001) ‘கீதா’ என்னும் குடும்பப் படத்தொடரில் தொடங்கி, இந்நகரின் ஆங்கில நாளிதழ்களில் அரசியல் கருத்துப்படம் வரைபவராக உயர்ந்தவர். இந்தியாவில் இத்துறையில் நிலைத்த பெண்கள் மிகச் சிலர். அவருள் ஒருவர் இவர். அவர் மறைவுக்குப் பின் அவருடைய படங்கள் சென்று சேர்ந்த இடம் ஓர் ஓவியக் கூடமன்று. மும்பையிலுள்ள ‘ஸ்பாரோ’ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகம். அதனை 1988இல் நிறுவியவர்களுள் ஒருவர், ‘அம்பை’ என நாம் அறிந்த சி.எஸ். லட்சுமி. கலை மேதையரைத் தேர்ந்தெடுக்கும் கூடத்தின் வாயில் குறுகியது. வாழ்வின் தடயங்களைச் சேர்க்கும் காப்பகத்தின் வாயில் அகன்றது. தமிழ்ச் சிறுகதையாளர் ஒருவர் திறந்த வாயில் வழியே கன்னட நாட்டு ஓவியர் ஒருவர் காக்கப்பட்டார் என்பது நம் துறையினர் மகிழ்வுடன் நினைக்கத்தக்கது.

இனி, மூல ஓவியம் என்னும் கருத்தைச் சற்று விரிவாக ஆராய வேண்டும். கண்காட்சியின் உயிர்நாடி அதுவே. படக்கதை ஓவியர் தடித்த அட்டையில் மையால் வரைந்து அனுப்பியதே மூலம். நாளிதழில் வந்தது படி என்பது பொதுவான கருத்து. மூலத்தைக் காண்பதில் இன்பமும் பயனும் உண்டு. நீலப் பென்சிலின் முதற்கோடு, வெள்ளைப் பூச்சால் மறைத்த பிழை, வெட்டி ஒட்டிய சொல் ஆகியவை ஓவியரின் சிந்தனையைக் காட்டிக்கொடுக்கின்றன. சுவடியில் அடித்தலும் திருத்தலும் காண்பது போன்ற மகிழ்ச்சி அது. ஆயின் இவ்வொப்புமை ஓரெல்லைக்கு மேல் செல்லாது. ஞாயிற்றுப் பக்கங்களுக்கு வண்ணம் ஏறியது அச்சகத்தில். ஓவியர் வண்ணக் குறிப்பு மட்டும் தருவார். மூல அட்டை கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். 1905இல் நியூயார்க் ஹெரால்டில் தொடங்கிய மக்கேயின் ‘லிட்டில் நீமோ’ கனவுகளை மக்கள் கண்டது பொன்னிறத்திலும் ஊதாவிலும். அவற்றின் மூல அட்டையோ நிறமற்றது. அப்படியாயின் எது படைப்பு? வாசகர் எவரும் காணாத ஓர் அட்டையை மூலம் என்றும், இலட்சக்கணக்கானோர் கையில் தவழ்ந்த தாளைப் படி என்றும் கூறுவது பொருந்துமா? படக்கதை அச்சில்தான் முற்றுப்பெறுகிறது. அட்டை அதன் கருநிலை என்பதே ஏற்புடையது.

இதனை நன்கு உணர்ந்த கண்காட்சி ஒன்று உண்டு. 2001இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் கார்ட்டூன் ஆய்வு நூலகம், பில் வாட்டர்சனின் ‘கால்வின் அண்டு ஹாப்ஸ்’ ஞாயிற்றுப் பக்கங்களைக் காட்சிப்படுத்தியது. மூலக் கோட்டோவியமும் வண்ணத்தில் அச்சான பக்கமும் அருகருகே வைக்கப்பெற்றன. பார்ப்பவர் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை, அதாவது அச்சகத்தின் பங்கை, தாமே அளந்துகொள்ளலாம். எளிய ஏற்பாடுதான், ஆயினும் பெரிய அருங்காட்சியகங்கள் பேரளவில் செய்தவற்றினும் இது நேர்மையானது.

இந்நேர்மை ஒரு நூலகத்தில் தோன்றியது தற்செயலன்று. அமெரிக்க நூலகங்கள் நாளிதழ்களைக் கறுப்பு வெள்ளை நுண்படலத்தில் பதிந்துகொண்டு தாள்களைக் களைந்த காலத்தில், பில் பிளாக்பியர்ட் என்னும் தனிமனிதர் அவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். தனியாருக்குக் கொடுக்க நூலகங்களுக்கு விதி இடந்தராமையால், 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் படக்கதைக் கலைக்கழகம் ஒன்றைத் தம் வீட்டிலேயே பதிவு செய்துகொண்டார். ஏறத்தாழ 75 டன் எடையுள்ள அத்தொகுப்பு 1998இல் ஒகையோவுக்குச் சென்றது. ‘பீட்டில் பெய்லி’ படைத்த மோர்ட் வாக்கர் 1974இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கார்ட்டூன் அருங்காட்சியகம் இடம் பல மாறி, ஃபுளோரிடாவில் 2002இல் மூடப்பட்டது. அதன் மூல ஓவியங்களும் 2008இல் அதே நூலகத்தையே அடைந்தன. அருங்காட்சியகம் நலிந்தது, நூலகம் நின்றது.

தமிழுக்கு இவ்வரலாறு புதிதன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழக முயற்சியால் காக்கப்பெற்று, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. இழிந்தது எனப் பிறர் ஒதுக்கிய அச்சுத்தாளைப் பிளாக்பியர்டும் முத்தையாவும் ஒரே கண்ணால் கண்டனர் எனலாம்.

இனித் தமிழ்ப் பக்கத்திற்கு வருவோம். 1972இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பிரித்தானியக் கதையோடு வெளிப்பட்டது. தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். தொடர்ந்து கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் வழங்கிய அமெரிக்கத் தொடர்கள் தமிழாயின. 1984இல் லயன் காமிக்சும் ராணி காமிக்சும் வந்தன. அமெரிக்க நாளிதழில் நாள்தோறும் மூன்று நான்கு கட்டங்களாக ஓடிய கதையைக் கைக்கடக்க நூலாக்க, கட்டங்களை வெட்டி வரிசை மாற்றி ஒட்ட வேண்டும். முந்தைய நாள் நிகழ்ச்சியை நினைவூட்டும் கட்டங்கள் நூலில் மிகையாகும். அவற்றை நீக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அளந்து வரைந்த பேச்சுக்குமிழுக்குள், ஒட்டும் உருபும் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்றொடரை அடக்க வேண்டும். இம்மூன்றும் படைப்புத் தொழில்களே. மொழிபெயர்ப்பியல் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரை வெளியிடும் நம் துறைகள், குமிழின் விட்டத்தால் கட்டுண்ட இம்மொழிபெயர்ப்பை அரிதாகவே நோக்கியுள்ளன. யாப்பின் கட்டுப்பாட்டை நன்கறிந்த நமக்கு இது விளங்காத பொருளன்று.

பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃபேன்டம் எனும் முகமூடி வீரர் தமிழில் ஓரிடத்தில் வேதாளர், ராணி காமிக்சில் மாயாவி. வேதாளம் நமக்கு விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லும் பிணத்துள் உறையும் உயிர். அதனுடன் ‘அர்’ என்னும் மதிப்பு ஈறு சேர்ந்ததும் அச்சம் மரியாதையாய் மாறிவிடுகிறது; தலைமுறை தலைமுறையாய் இறவாதவர் எனக் காட்டுமக்கள் நம்பும் வீரருக்கு இதைவிடப் பொருந்திய பெயரை ஆங்கிலத்திலும் காண்பதரிது. மாயாவி என்பதோ முன்னரே இரும்புக்கையருக்கு உரியதாயிருந்த பெயர். மறையும் ஆற்றலுடைய பிரித்தானியரும் மறையும் ஆற்றலற்ற அமெரிக்கரும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டனர். வாசகச் சிறுவர்களுக்கு அதனால் குழப்பம் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வங்கத்தை நினைவூட்டிய வேதாளர் நாட்டின் பெயரை ‘டெங்காலி’ என மாற்றியது. ‘சிங்’ கடற்கொள்ளையரைச் ‘சிங்கா’ ஆக்கியது. அயலவர் கற்பனையில் விளைந்த கீழைநாடு, கீழைநாட்டு வாசகரிடமே திரும்பி வருகையில் பெயரை மறைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

இவற்றுள் எதனையும் மூல அட்டை சொல்லாது. ரே மூரின் கையெழுத்துள்ள அட்டை ஒன்று நம் நகர்க் கூடம் ஒன்றிற்கு இரவலாக வந்து, நாமும் வரிசையில் நின்று கண்டுகளித்தால், காண்பது அமெரிக்காவின் வேதாளரை. நம் வேதாளரை அன்று. நம்முடையவர் மங்கிய மையிலும் பழுத்த தாளிலும் இருக்கிறார். அங்கே ஓவியம் மறுபதிப்பின் மறுபதிப்பாய் நலிந்து, கோடுகள் தடித்து அப்பிக் கிடக்கும். ஓவிய ரசனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர் அதனை முதல் நோக்கிலேயே ஒதுக்குவார். அவர் ஒதுக்குவதில் பிழையில்லை, அளவுகோலில்தான் பிழை.

மறுதலையான பிழை ஒன்று நம்மிடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் இதழியலில் கருத்துப்படத்தை நிலைபெறச் செய்தது பாரதியின் ‘இந்தியா’ வார இதழ். ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றை ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என 1994இல் தொகுத்தளித்தது நம் ஆய்வுலகிற்குப் பெரும் பேறு. ஆயினும் அத்தலைப்பிலுள்ள ஆறாம் வேற்றுமையைச் சற்று நின்று நோக்குக. கோடு பாரதியுடையதன்று, கருத்து அவருடையது. அமெரிக்கக் கூடம் எழுதியவரை மறந்து வரைந்தவரை ஆசிரியராக்கியது. நாமோ வரைந்தவரை மறந்து எழுதியவரை ஆசிரியராக்கப் பழகியவர்கள். பாரதியின் பெயர் சாராதிருந்தால் அப்படங்கள் இத்தனை கவனம் பெற்றிருக்குமா என்பதும் ஐயமே. 1960 முதல் தினத்தந்தியில் வரும் ‘கன்னித்தீவு’ தமிழகத்தின் ஊர்தோறும் அறியப்பட்ட படத்தொடர். சிந்துபாத்தை அறியாதார் இலர். அவனை வரைந்த கைகளைப் பெயர் சுட்டிச் சொல்வார் மிகச் சிலர்.

கன்னித்தீவு கண்காட்சியாளருக்கு மற்றொரு சிக்கலையும் முன்வைக்கிறது. ஃபிராங்க் கிங்கின் ‘கேசலின் ஆலி’யில் 1921இல் வாசற்படியில் கண்டெடுத்த குழந்தை, வாசகரோடு ஆண்டுதோறும் வளர்ந்து பெரியவனாயிற்று. சிந்துபாத்தோ ஆறு பத்தாண்டுகளாக மூப்படையவில்லை. வாசகர் மட்டுமே மூத்தனர். இரண்டிலும் கதையின் பொருள், ஒரு கட்டத்திற்கும் மறுநாள் கட்டத்திற்கும் இடையே வாசகர் தம் வாழ்வை வாழ்ந்து முடிக்கும் அந்த ஒரு நாளில் தங்கியுள்ளது. சுவரில் நூறு நாள் பகுதிகளை வரிசையாய் மாட்டினாலும் அவற்றுக்கிடையேயான நாள்களை மாட்ட இயலாது. தேநீர்க் கடைப் பலகையில் நாளிதழின் நடுத்தாளுக்காகக் காத்திருந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதே இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் வழி. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும், சட்டகம் தேவையில்லை.

தமிழ்ப் படக்கதைக் கண்காட்சி ஒன்று எங்கேனும் அமையுமாயின், ஒரு கண்ணாடிப் பேழை பற்றிய பரிந்துரையையேனும் இக்கட்டுரையாளர் முன்வைக்க விரும்புகிறார். வேதாளர் கதை ஒன்றின் அமெரிக்க நாளிதழ்ப் பகுதி, அதன் இந்திரஜால் ஆங்கிலப் பக்கம், அதன் தமிழ்ப் பக்கம் ஆகிய மூன்றும் வாட்டர்சன் கண்காட்சியின் முறையில் அருகருகே இடம்பெற வேண்டும். விளக்க அட்டையில் எழுதியவர், வரைந்தவர், கட்டம் வெட்டி அடுக்கியவர், தமிழாக்கியவர், குமிழுக்குள் எழுத்துப் பொறித்தவர், அச்சிட்டவர் என ஆறு வரிகள் வேண்டும். முதல் இரண்டையும் எந்த அமெரிக்கக் களஞ்சியத்தைப் பார்த்தும் நிரப்பிவிடலாம். எஞ்சிய நான்கிற்கும் சிவகாசிக்கே செல்ல வேண்டும். 1972இல் இருபது வயது இளைஞராய் அச்சகத்தில் சேர்ந்தவருக்கு இன்று வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஆய்வேட்டுத் தலைப்புத் தேடும் மாணவர் எவரேனும் இவ்விடுமுறையிலேயே பேருந்து ஏறுவாராயின், வெற்றாய்க் கிடக்கும் அந்நான்கு வரிகளுள் இரண்டையேனும் நிரப்பிக்கொண்டு திரும்பலாம்.